கறிக்கு நண்டு

குருநகர்க் கரையில் எங்கள் முதலாளியம்மா யோசப்பினிடம் வந்து வெறுங்கையோடு திரும்பியவர் எவருமில்லை. பாண்காரர், வாய்க்கால் துப்புரவாக்குபவர், வழி கேட்டு வந்தவர், யாரானாலும் சொப்பிங் பையில் நண்டு போட்டுக் கையில் திணித்துவிடுவார். கரைக்கு வந்தவருக்குக் கறிக்குக் கொடுப்பது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அவருடைய நண்டுக் கொம்பனியைக் கவிழ்க்கப் பார்த்தது.

கொம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சிறிய கட்டடம், ஐஸ் பெட்டிகள், நண்டுச் சதை எடுக்கும் நாங்கள் சில பெண்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் கம்பஸ் வரை படிக்கிறார்கள். சுகாதாரச் சான்றிதழ் கிடைத்தால் தரகரை விட்டுவிட்டு நண்டை நேரே சிங்கப்பூருக்கு அனுப்பலாம். முன்பிருந்த அதிகாரி அதை வருடக்கணக்காக இழுத்தடித்தான். "ஏதும் பாத்துச் செய்யுங்கோவன்" என்று பல்லிளிப்பான். யோசப்பின் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட பிடிவாதக்காரி.

பிறகு றஜிந்தன் என்ற புது அதிகாரி வந்தார். தண்ணீர் முதல் எங்கள் நகம் வரை சோதித்தார். எல்லாம் திருப்தி. அவர் பேனையை எடுத்த நேரம் பார்த்து எங்கள் மகராசி பையை நீட்டினார்.

"இதென்ன, லஞ்சமோ?"

"ஐயோ, கறிக்கு ஐயா!"

அவர் பேனையை மூடிக்கொண்டு போய்விட்டார். நேர்மையான ஒருவர் வந்தும் இப்படியா என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. யோசப்பின் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலை, லஞ்ச முறைப்பாடு எழுதவென்றே றஜிந்தன் திரும்பி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். பாண்காரருக்கு ஒரு பை. மடத்துச் சிஸ்டருக்கு ஒரு பை. தபால்காரருக்கும் ஒன்று. அவர் முன்னால் வந்ததும் யோசப்பின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு இல்லை ஐயா. எனக்கு வலு கவலையாத்தான் கிடக்கு."

அவர் சிரித்துவிட்டார். ஐஸ் பெட்டியின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

இப்போது எங்கள் நண்டு சிங்கப்பூர் போகிறது. வேலைக்கு வரும் பெண்களும் கூடிவிட்டார்கள். றஜிந்தன் சோதனைக்கு வரும்போதெல்லாம் தேநீரைக்கூடத் தொடமாட்டார். அவர் போனபின் யோசப்பின் மனம் கேளாமல் புறுபுறுப்பார்.

போன கிழமை, அரச கந்தோர்கள் பூட்டியிருக்கும் சனிக்கிழமையில் றஜிந்தன் வந்து பாண்காரருக்குப் பின்னால் நின்றார்.

"வவுனியாவுக்கு மாத்தம் வந்திட்டுது அக்கா. இனி உங்கடை பைல் என்னட்டை இல்லை."

யோசப்பின் உடனே ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, சிங்கப்பூருக்கென்று எடுத்து வைத்ததிலேயே பெரிய நண்டுகளாகப் பொறுக்கத் தொடங்கினார்.