தங்கத்தக்கா கெணறும் எங்க ஜீப்பும்

ஊரு மூக்கப் பொத்திட்டு ஓடுத எடத்துக்கு மூக்க நீட்டிட்டுப் போறதுதான் எங்க சோலி. மாசுக் கட்டுப்பாட்டு ஆப்பீசுல நான் ஜீப் டிரைவராக்கும். எங்க எஞ்சினியர் மேடம் கையக் காட்டுத எடத்துல கேன்ல தண்ணி மோந்து வைக்கதும் நாந்தான். ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கிப் பொழைக்குத மக்களே, இது ஒங்களுக்குத்தான். மேக்க ஒரு ரப்பர் பால் கம்பெனி. அதுக்குக் கீழ தங்கத்தக்கா வீடு. கெணறு கூமுட்டையா நாறுது, குடிக்க ஒரு சொட்டு இல்லண்ணு அக்கா மனு போட்டுது.

சாயா

ஜங்ஷன் சாயாக்கடையத் தாண்டுனா போதும், ஜீப்புக்கு முன்னால கம்பெனிக்குப் போன் ஓடிப் போயிரும். நாங்க போய்ச் சேரும்போ கம்பெனி கலியாண வீடு மாதிரி கழுவிக் கெடக்கும். எண்ணைக்கும் ஓடாத சுத்திகரிப்பு மோட்டரு அண்ணைக்கு மட்டும் ‘ஙொய்ய்’ண்ணு பாடும். மொத தடவையே வாச்மேன் எங்கள்ட்ட கோவிச்சாரு: “பத்து மணிக்கு வாறியண்ணுல்லா சொன்னாவ, எத்தன தடவ சாயாவச் சூடாக்க?”

மீனு

முதலாளி சுத்தம் பண்ணுன தண்ணி விழுத கடைசித் தொட்டியக் காட்டி, தொண்டையில தேன் தடவுன கணக்கா, “மேடம், மீனு துள்ளி வெளையாடுதுல்லா?”ண்ணாரு. நான் அதே கொரல்ல, “கொள்ளாம் மொதலாளி, வாயப் பொளந்துட்டுல்லா வெளையாடுது”ண்ணேன். பக்கத்துல பெருக்கிட்டு நிண்ண அம்மாவுக்குப் பொறுக்கல்ல: “நேத்துள்ளது செத்துப் போச்சு அண்ணாச்சி, இது காலையில வந்த புது மீனு, பழகாண்டாமா?”

அசனம்

அங்க எல்லாக் கெணறும் நாத்தந்தான். ஆனா வேற யாரும் வாயத் தொறக்கல்ல. ஏண்ணா, முதலாளி தெனமும் ஒரு லாரி தண்ணி ஓசியில வுடுதாரு. சர்ச்சு சபையில அசனம், ஊரே ஒண்ணா உக்காந்து திங்குத சோறு, அதுவும் லாரித் தண்ணியில வெந்ததுதான்.

நாங்க விசாரிக்கப் போனது அந்த அசனத்தண்ணைக்கு. “எனக்கு எங் கெணறு வேணும்”ண்ணு அக்கா ஒத்தக் கால்ல நிக்குது. சாம்பார் வாளியோட ஒரு கமிட்டிக்காரர் வந்தாரு: “ஏட்டி, மனுவத் திருப்பி வாங்கு. கெடுத்தவனாவது தண்ணி தாறான், வேற எவன் தாறான்?”

பூட்டு

மழை கொட்டும்போதான் கம்பெனிக் கறுப்புத் தண்ணிய ஓடையில தொறந்து வுடுவாவண்ணு அக்காதான் சொல்லித் தந்துது. ஜீப்ப ஆப்பீசுல போட்டுட்டு, கேன ஜவுளிக்கடைப் பையில சொருகி, நானும் மேடமும் வடசேரி பஸ்ஸ்டாண்டுல பஸ் ஏறினோம். நனைஞ்ச கோழியாட்டம் போய் நிண்ணு, கையும் களவுமா மோந்தோம். ரிசல்ட்டு வந்துது, ஆர்டர் வந்துது, கம்பெனிக்குக் கரண்டப் புடுங்கி பூட்டும் போட்டாச்சு. செயிச்ச சந்தோசத்துல மேடத்துக்கு நான் சாயாக்கடையில பழம்பொரி வாங்கிக் குடுத்தேன்.

மறுவாரம் அந்த வழியா போறேன். ரோட்டோரம் அக்கா வெறுங்கொடத்தோட நிக்குது, சுத்தி நிக்குத பொம்பளையெல்லாம் அக்காவ ஏசுதாவ. மண்ணுல ஊறுன நாத்தம் கெணத்த வுட்டுப் போகல்ல; லாரியும் நிண்ணு போச்சு. அது தெரியாம நான், “அக்கா, செயிச்சாச்சுல்லா!”ண்ணு பல்லக் காட்டுனேன். அக்கா கொடத்தக் கீழ வச்சுது: “கம்பெனி ஓடும்போ கெணறு மட்டுந்தான் போச்சு மக்கா, நீங்க செயிச்ச பெறவு லாரியும் போச்சு.”

நாத்தத்துக்குப் பூட்டு போட எங்க ஆப்பீசு, குடிக்கத் தண்ணி தர வேற ஆப்பீசாம். அந்த ஆப்பீசுக்குப் போற வழி, இத்தன வருசம் ஜீப்பு ஓட்டுத எனக்கே இன்னும் தெரியல்ல.