புல் கூடைக்குள் வசந்தாவின் ஷூ

புதுத் தோலும் பாலிஷும் கலந்த அந்த வாசனை, செருப்புக் கடை எதையாவது தாண்டும்போது மூக்கில் ஏறினால், எனக்குச் சேலையூர் ஏரிக்கரையும், என் புல் கூடையும், அதற்குள் ஒளித்து வைத்திருந்த வசந்தாவின் கறுப்பு ஷூவும்தான் ஞாபகம் வரும்.

என் படிப்பு ஐந்தாவதோடு நின்று, மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டேன். அடுத்த வீட்டு வசந்தாவும் அப்படி நின்றிருப்பாள். ஆனால் அந்த வருஷம் அவள் அப்பா கேம்ப் ரோட்டு ஓரத்து நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்று, அவளைத் தாம்பரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். வீட்டுக்கு "சோபா செட்டு" கூட வந்தது. நான் மாமா என்று கூப்பிடும் அவள் அப்பா, அதில் உட்காரக் கூச்சப்பட்டு, தரையில் உட்கார்ந்து அதன்மேல் சாய்ந்துகொள்வார்.

எங்கள் தெருவில் ஆபீஸ் போகிறவர் தாமஸ் சார் ஒருவர்தான். ஒருநாள் ஷூ சத்தம் கேட்டுப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏரோட்டுறவன் பொண்ணுக்கு ஷூவாம். சரியான ஸ்நாப்" என்றார். அர்த்தம் யாருக்கும் தெரியாவிட்டாலும், அவர் வாய் கோணிய விதத்திலேயே அது நல்ல வார்த்தை இல்லை என்று புரிந்துவிட்டது. மறுநாளே பிள்ளைகள் அவள் பின்னால், "ஸ்நாப்பு வருது, வயி வுடு" என்று கத்திக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்திலோ, தலையில் எண்ணெய் நாறுகிறதென்று யாரும் பக்கத்தில் உட்காருவதில்லையாம்.

"நான் இனிமே போவல சரசு. உன்கூடவே புல்லறுக்க வந்துடறேன்" என்றாள் என்னிடம்.

எனக்கும் துணை கிடைக்குமே என்று உள்ளுக்குள் ஆசைதான். ஆனாலும் அவள் படிப்பு நிற்கக்கூடாதென்று நானே ஒரு வழி சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரிக்கரையிலேயே ஷூவைக் கழற்றி என் கூடையில், புல்லுக்கடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவுக்குள் வருவாள். காலையிலும் நான் கூடையில் கொண்டுபோய்க் கொடுக்க, பஸ் நிற்கும் இடத்தில்தான் மாட்டுவாள். கத்துகிறவர்களும் அலுத்துப் போனார்கள்.

ஒரு சாயங்காலம் கரையில் மாமா எதிரே வந்துவிட்டார். மகளின் காலையும், என் கூடையிலிருந்து தொங்கிய லேஸையும் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை, கரையில் உட்கார்ந்து, பாளம் பாளமாக வெடித்த தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இத்தப் பாரு. அந்த நெலத்துல நடந்து நடந்து வெடிச்சது. அத்த வித்துத்தான் இத்த வாங்கியாந்தேன். நீயும் கயட்டிப் போட்டா, அப்புறம் எனக்கு இன்னாதான் கீது?"

ஷூவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டி நீட்டினேன். வசந்தா வாங்கி மாட்டிக்கொண்டு தெரு நடுவிலேயே நடந்தாள். தாமஸ் சார் வீட்டைத் தாண்டும்போது மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் கேட்க வெட்கப்பட்டதை, போன வாரம் காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் என் மருமகளிடம் கேட்டுவிட்டேன். "ஸ்நாப்" என்ற அந்தச் சொல் சீமையில் முதலில் செருப்புத் தைக்கிறவரைக் குறித்ததாம். பிறகு பெரிய படிப்புப் படித்த பையன்கள் ஊர்க்காரர்களை அப்படிக் கூப்பிட்டார்களாம். அப்புறம் மேலே இருப்பவர்களைப் போல நடக்கப் பார்க்கிறவர்களுக்கு ஆகி, கடைசியில் கீழே இருப்பவர்களை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு வந்து நின்றதாம். அந்தக் கடைசி அர்த்தத்தில் வசந்தாவை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. டீச்சரான பிறகும், சாகும்வரைக்கும், என் வீட்டுக்கு வந்தால் என் பக்கத்தில் தரையில்தான் உட்காருவாள்.

அந்த நிலம் முழுக்க இப்போது அடுக்குமாடி வீடுகள். புல்லும் இல்லை, கூடையும் இல்லை. காலையில் பள்ளிக்கூட வேன் வந்தால் எத்தனையோ கறுப்பு ஷூக்கள் டக் டக்கென்று ஓடுகின்றன. யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை, என்னைத் தவிர.