பூசை போட்ட வேகன்

பீளமேட்டில் நான் கணக்கராக இருந்த மில்லுக்கென்றே ரயில்வே ஒரு கிளைப்பாதை போட்டிருந்தது. சைடிங் என்போம். இஞ்சின் பஞ்சு வேகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அங்கிருந்து குடோன் வாசல் வரைக்கும் லோடுமேன்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். தொண்ணூறுகளிலும் அப்படித்தான்.

ஆயுத பூசையன்று தராசு, கொக்கி, கடப்பாரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். வேகன் ரயில்வேயுடையது, எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அதற்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு முழம் தள்ளி நசுக்கிவிட்டுக் கட்டை கொடுத்து நிறுத்துவார்கள். வருசா வருசம் காலி வேகன்தான் நிற்கும். அந்த வருசம் மட்டும், பூசைக்கு லீவு விட்டதில் இறக்காமல் போட்ட பஞ்சுப்பேல் மூட்டை அத்தனையும் உள்ளேயே இருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. படித்த நானும்தான் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசைக்கு வந்திருந்த என் மனைவிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருந்ததால், கேட்டுப் பக்கம் தண்டவாளத்தின்மேல் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மடியில் பொரியைக் கொட்டித் தின்றுகொண்டிருந்தாள்.

கட்டையை எடுத்தார்கள், பிரேக்கைத் தளர்த்தினார்கள், தள்ளினார்கள். பழம் நசுங்கியது. வேகன் நிற்கவில்லை. கேட்டை நோக்கித் தரை கொஞ்சம் சரிவு. பிடித்து இழுத்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய இரும்பு சத்தமே இல்லாமல் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கத்தினேன். ஒலிபெருக்கியில் சாமி பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. ஓட வேண்டியவன் நான். கால் மரத்துப்போய் நின்ற இடத்திலேயே நின்றேன். எவ்வளவு கேவலமான கால்கள்!

லோடுமேன்களின் மேஸ்திரிதான் ஓடினார். வேகனின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த பிரேக் கம்பியின்மேல் எகிறி விழுந்து, முழு உடம்பாலும் அதை அழுத்திக்கொண்டு தொங்கினார். சக்கரம் கிறீச்சிட்டது. வேகன் தேய்ந்து தேய்ந்து, அவள் முதுகுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

அப்புறம்தான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். மேஸ்திரி இன்னும் கம்பியை விடாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் திரும்பவே இல்லை. ஒரு கை பொரியை அள்ளி என்னிடம் நீட்டினாள்.

"இந்நேரம் வரைக்கும் முதுகுல சுள்ளுன்னு வெயிலுங்க. இப்பத்தான் நல்லா நெழல் வந்துச்சு. நீங்களும் செத்த உக்காருங்க."