பிரேக் அக்காவுக்கு வந்த வெக்கை

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு பிரேக் அக்கா என்றுதான் பெயர். கற்றுக்கொள்ள வருபவரின் காலடியில் ஒரு பிரேக் இருந்தால் பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் இன்னொன்று இருக்கும். அவசியமில்லாமல் அதை மிதிக்கமாட்டாள். பதினோரு வருடத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

முப்பத்தொன்பது வயதில் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் ஆறு தடவை கீமோ. தொடங்கும் முன்பே டாக்டரம்மா உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இந்த மருந்து சினைப்பையையும் தொடும், மாதவிலக்கு தாறுமாறாகும், நின்றும் போகலாம், சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இருந்த ஒரே மகளும் வளர்ந்துவிட்டாள். உயிர் தப்பினால் போதும் என்றிருந்தவளுக்கு மாதவிலக்கு ஒரு கவலையாகவே படவில்லை.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அது நின்றது. சிகிச்சை முடிந்தது; கொட்டிய முடி சுருள் சுருளாக முளைத்தது; அவளும் வேலைக்குத் திரும்பினாள். நின்றது மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக வெக்கை வந்தது.

முதல் தடவை ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி அணைந்து அணைந்து நின்றது. திடீரென்று நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்தைத் தாண்டி முகத்தில் ஏறியது. காது மடல் வரை சிவந்து, வியர்வை முதுகில் ஓடிற்று. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். குமாஸ்தா ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்து, நாளையிலிருந்து வேறு யாரையாவது அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"உங்க மேல கோபம் இல்ல சார். உள்ள யாரோ அடுப்பைப் பத்தவச்சுட்டுப் போயிட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சிடும்" என்றாள்.

வீட்டில் அதைக்கூடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தது கணவனும் அவன் அக்காவும். மகள் வெளியூரில் படித்தாள். நாத்தனாருக்கு ஐம்பத்திரண்டு வயது, கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, மனிதர்களையும் அதே பார்வையில் பார்க்கப் பழகியவள். சமையலறை அலமாரியை யார் அடுக்குவது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல் நான்கு வருடமாக நீடித்தது. உப்பு டப்பா எங்கே என்பதைக்கூட இருவரும் அவன் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, காய்கறித் தட்டுக்கு மேலே தலையை விட்டுக்கொண்டு நின்றாள் பிரேக் அக்கா. பின்னால் காலடிச் சத்தம். கரண்ட் வீணாகிறது என்று ஒரு பாட்டு கேட்கத் தயாரானாள்.

"கொஞ்சம் தள்ளு" என்றாள் நாத்தனார். அவளும் பக்கத்தில் வந்து முகத்தை உள்ளே நீட்டினாள்.

"உங்களுக்குமா அண்ணி?"

"மூணு வருஷமா. உனக்கு எத்தன நாளா?"

"நாலு மாசம்."

நாத்தனார் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். "என்னை வயசு படிப்படியா எறக்கிவிட்டுச்சு. உன்னை மாடியிலேர்ந்து புடிச்சுத் தள்ளிட்டாங்க. நீ பாட்டுக்கு வாய மூடிட்டு இருந்திருக்க" என்றாள். பிரேக் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருவரும் தக்காளியைப் பார்த்தபடி நின்றார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நாத்தனாரும் வந்தாள். இந்த வகைப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை கூடாது என்ற டாக்டரம்மா, வெக்கைக்கு வேறொரு மாத்திரை எழுதினார். டீயைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். கிளம்பும்போது நாத்தனார் முழங்கையால் இடித்தாள். இன்னொன்றையும் கேள் என்று. பிரேக் அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே அந்தரங்க வறட்சியைப் பற்றிக் கேட்டாள். டாக்டரம்மா சளி மருந்து சொல்வதுபோல ஹார்மோன் இல்லாத ஒரு களிம்பைச் சொன்னார்.

அன்று கணவனிடம், தான் ஒதுங்கிப் படுத்ததன் காரணத்தை உடைத்தாள். அவன் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு நாளும் உனக்கு என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றான்.

மாதவிலக்கு நின்று பதினாலு மாதம் கழித்து, ஒருவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும்போது இரத்தம் பட்டது. பாதிப் பயம், நோய் திரும்பிவிட்டதோ என்று. மீதிப் பாதி, தொலைந்துபோன தோழி வாசலில் வந்து நிற்பதுபோல ஒரு சந்தோஷம். இத்தனை நாள் கழித்து வந்தால் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், இரத்தம் எடுத்தார். கெடுதல் ஒன்றுமில்லை, சினைப்பை விழித்துக்கொண்டிருக்கிறது, கர்ப்பத்துக்கும் வாய்ப்புண்டு, பாதுகாப்பாக இருங்கள் என்றார். நாத்தனார் காரிடாருக்கு வந்துதான் சிரித்தாள்.

மூன்று முறை வந்தது, நாள் கணக்கு எதுவும் இல்லாமல். அப்புறம் நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் பார்த்து, சோதனையும் செய்து, இனி வராது என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்கு நாற்பத்திரண்டு. ஒரு மதியம் ஸ்கூல் வண்டியை மரநிழலில் நிறுத்திவிட்டுத் தனியாக அழுதாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்று மணி வகுப்புக்குப் போனாள். அன்று நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள்.

அந்த மாதமே நாத்தனார் தனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். வீட்டுக்குள் வெந்து சாவதைவிடக் காற்றோட்டமாக வெளியே போகலாமே என்பது அவள் வாதம். முதல் பரீட்சையில் தோற்றாள், அதிகாரிக்கே வழி சொன்னதால். இரண்டாவதில் தேறினாள்.

இப்போது காலையில் வேலைக்கு இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள், நாத்தனார் ஓட்ட. போன வாரம் சிக்னலில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வெக்கை கிளம்ப, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஹாரன் அலறியது.

"அண்ணி, பச்சை விழுந்தாச்சு."

"தெரியுது. இப்பத்தான் காத்து வருது, இரு" என்றாள் நாத்தனார்.