வார்டில் இடமில்லை

டோரதிக்கு யாரிடமும் சண்டை போட்டுப் பழக்கமில்லை. லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து லேபில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க நா எழாது. ப்ளம்பிங் வேலை பார்க்கும் கணவர் ஆம்ப்ரோஸ்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் அவருக்கு வயிற்றுவலி. தனியார் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். நீட்டிய காகிதங்களில் எல்லாம் டோரதி கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். பள்ளியில் போட்டுக்கொடுத்த இன்சூரன்ஸ் இரண்டு லட்சம்வரை தாங்கும் என்று நம்பிக் கீழே போனாள். பில்லிங் கவுன்ட்டரில் இருந்த சஞ்சய் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். மொத்தம் இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம். இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டது தொண்ணூற்றிரண்டாயிரம்.

"மீதி நீங்க கட்டணும் மேடம். உங்க பாலிசில ரூம் வாடகை ஒரு நாளைக்கு ரெண்டாயிரம்தான். நீங்க எடுத்தது ஆறாயிரம் ரூம். ரூமுக்குத் தக்கனதான் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் எல்லாம். அதான் எல்லாத்துலயும் வெட்டிட்டாங்க."

"நாங்களாப்பா ரூம் கேட்டோம்? வார்டுல பெட் இல்லைன்னு நீங்கதானே போட்டீங்க?"

தனியறைக்குச் சம்மதம் என்ற படிவத்தை எடுத்து வைத்தான். அடியில் அவள் கையெழுத்து. "ரெண்டு மணிக்குள்ள கட்டலைன்னா இன்னைக்கு வாடகையும் சேரும்."

ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்துக்கு எங்கே போவது? எதிர்த்துப் பேசலாம் என்றால், மூன்றாம் மாடியில் தையல் போட்ட வயிற்றோடு அவர் இவர்கள் கையில் அல்லவா கிடக்கிறார்? மருந்து தர மறுத்தால்? ராத்திரி கூப்பிட்டால் வராமல் போனால்?

மேலே போனாள். "பில்லு எவ்ளோ?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"இன்னும் போடலைங்க." உண்மையைச் சொன்னால் அந்த வயிற்றோடு கத்தப் போய்விடுவார்.

வராந்தாவில் சுவரோரம் அழுதுகொண்டு நின்றவளைக் கன்னடக்கார நர்ஸ் யசோதா பார்த்தாள். "ஏனாயித்தும்மா? ஏன் அழறீங்க?" டோரதி சொல்லி முடித்ததும் யசோதா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு வார்டு ஃபுல். கேஸ் ஷீட்ல நானே எழுதியிருக்கேன். காப்பி கேளுங்க, அவங்க குடுத்துத்தான் ஆகணும். ஆனா நான் சொன்னேன்னு மட்டும் ஹேளபேடம்மா, சொல்லிடாதீங்க. எனக்கு ரெண்டு பசங்க."

டோரதி கேஸ் ஷீட் காப்பி கேட்டு வெள்ளைத்தாளில் மனு எழுதினாள். கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டாள். அரைமணியில் மேனேஜர் சாமிநாதன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா."

"போட்டேன் சார், பயத்துல. உங்க கேஸ் ஷீட்ல என்ன இருக்குன்னு பாருங்க."

அவர் புரட்டினார். 'வார்டில் படுக்கை காலி இல்லை, தற்காலிகமாகத் தனியறை.' நிமிர்ந்து கேட்டார்: "இதைக் கேக்கச் சொல்லி யார் சொன்னது? ஸ்டாஃபா?"

"யாரும் சொல்லலை சார். ஸ்கூல்ல லேப் ரெஜிஸ்டர் எழுதறவ நான். எங்க போனாலும் எழுதி வெச்சிருப்பாங்கன்னு தெரியும். காப்பி குடுங்க, இன்சூரன்ஸுக்கு அனுப்பறேன். அவங்க கேக்கட்டும்."

காப்பி வரவில்லை. மறுநாள் மதியம் புதுப் பில் வந்தது. வார்டுக் கணக்கில் இரண்டு லட்சத்து இருபத்தாறாயிரம். இன்சூரன்ஸ் ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் தந்தது. மீதி முப்பத்தெட்டாயிரத்துக்கு வளையலை அடகு வைத்தாள். ஆட்டோவில்தான் ஆம்ப்ரோஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனார்கள். டோரதி மூன்றாம் மாடிக்கு ஏறி யசோதாவைத் தேடினாள்.

"அவங்க இங்க இல்லையே," என்றாள் புது நர்ஸ். "போன வாரம் வேற பிராஞ்சுக்கு மாத்திட்டாங்க."

"ஏன்?" என்று கேட்க வாயெடுத்தாள். எதிர் அறைக் கதவு திறந்து சாமிநாதன் வெளியே வந்தார். டோரதி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.