கேட்காமல் சுரந்த பால்

மாதவிலக்கு நின்றுபோனதைக் கிருத்திகா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் மாறினால் தள்ளிப்போகும் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, நீலசந்திராவில் அண்ணன் ஹரிஷ் வீட்டில் தங்கி, ஆடுகோடியில் ஒரு பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை, காதல் என்று எதுவும் இல்லை. வயிற்று வலியோடு நாள் முழுக்க நிற்க வேண்டாமே என்று உள்ளூர நிம்மதிகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி வனஜா கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அழுத குழந்தையைக் கிருத்திகா தோளில் போட்டுத் தட்டினாள். அழுகை சட்டென்று நின்றது. குழந்தை அவள் நைட்டியை மூக்கால் துழாவித் துழாவி, ஓரிடத்தில் வாய் வைத்துச் சப்பத் தொடங்கியது. விலக்கிப் பார்த்தாள். துணி நனைந்திருந்தது. எச்சில் என்றுதான் நினைத்தாள். குழந்தை வாய் வைக்காத மறுபக்கமும் நனைந்திருந்தது.

ஈரத் தலையோடு வந்த வனஜா அப்படியே நின்றாள்.

"இன்னா கிருத்தி இது?"

"தெரியல அண்ணி."

"எத்தினி மாசமா தள்ளிப் போயிருக்கு?"

கிருத்திகா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"யாருன்னு சொல்லிடு. உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மெடிக்கலில் வாங்கிய, கர்ப்பம் பார்க்கும் கிட்டில் ஒரு கோடுதான் வந்தது. மறுநாளும் ஒரு கோடுதான். வயிற்றில் பிள்ளை இல்லை; பால் மட்டும் இருந்தது. பிள்ளை உண்டாகியிருந்தால்கூட வனஜா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அதன் பிறகு குழந்தையைக் கிருத்திகா பக்கமே விடவில்லை.

"எதுவோ உங்கிட்ட பால் குடிக்க வருது" என்றாள் ஒருநாள். கிருத்திகாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கிருத்திகாவால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. கொஞ்ச நாளாகவே, ஆள் இல்லாத இடத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தெருவில் வெறும் காற்றாக இருந்த இடத்திலிருந்து ஒரு தோள் வந்து இடிக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட் காலி என்று பையை வைத்தால், "என் மடிமேல வைக்கிறியேம்மா" என்று குரல் வரும். திரும்பினால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மறுபடி நேரே பார்த்தால் இருக்க மாட்டாள். நெற்றிக்குப் பின்னால் வலி விடாமல் இருந்தது.

பார்லரில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் அந்தப் பெண்ணின் மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தன. கத்தரி எதையோ கடித்தது. அந்தப் பெண் அலறினாள். கழுத்தில் ரத்தம் வழிந்தது.

"ஏனாயித்து? என்னாச்சு?" என்று ஓடிவந்தாள் பார்லர் நடத்தும் சௌம்யா.

"அங்க காதே இல்லக்கா" என்றாள் கிருத்திகா.

சௌம்யாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் காதுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, வனஜாவுக்குப் போன் செய்தாள். இருவருமாகக் கிருத்திகாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

டாக்டர் சஹானா அவளை எதிரே உட்காரவைத்தார். "என் மூக்கையே பாரும்மா. ரெண்டு பக்கமும் விரலை ஆட்டுவேன். தெரிஞ்சா சொல்லு."

கிருத்திகா காத்திருந்தாள். பிறகு, "ஆரம்பிங்க டாக்டர்" என்றாள்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சும்மா."

பின்னால் நின்ற வனஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்கேனில் தெரிந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை அது அளவில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் மாதவிலக்கு நின்றது. கட்டி வளர்ந்து கண் நரம்பை அழுத்தியதில் இரண்டு ஓரங்களும் பார்வையிலிருந்து போயிருந்தன.

"தள்ளிப்போன உடனே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். "பெரும்பாலும் மாத்திரைக்கே கேட்கும்."

கேட்டது. வலி குறைந்தது, பால் வற்றியது, ஓரங்கள் மெல்லத் திரும்பின. ஒருநாள் பார்லரில் வேலைக்கு நடுவே தீட்டு வந்தபோது, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"பயந்துட்டேன்டி" என்றாள் வனஜா. கிருத்திகாவுக்குக் கோபம் இல்லை. ஆனால் பொங்கல் முடிந்ததும், கூட வேலை செய்யும் பெண்ணோடு ஜோகுபாளையத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "நல்லா சுருங்கிடுச்சு."

"போயிடுச்சா டாக்டர்?"

"இல்லம்மா. இருக்கு. சும்மா இருக்கு. மாத்திரையை மட்டும் நீயா நிறுத்திடாதே."

கிருத்திகா தலையாட்டினாள். உள்ளே சும்மா இருப்பதை எழுப்பிவிடாதபடி, கொஞ்சம் மெதுவாகவே ஆட்டினாள்.