தண்ணி விடுதேன்... தள்ளிக்கோ!

சோப்புத் தண்ணியும் சோத்துக் கஞ்சியும் கலந்த ஒரு வாசம்... அறுபதுகள்ல எங்க தாராவி சந்துல காலைல கண்ணு முழிக்கதே அந்த வாசத்துலதான்.

ரூம் மூலையில மோரி. குளிக்க, துணி தொவைக்க, ஏனம் கழுவ எல்லாத்துக்கும் அந்த இத்துணூண்டு இடந்தான். அதுல ஊத்துற தண்ணி சுவத்து ஓட்டை வழியா வெளிய கட்டருக்குப் போவும். கட்டர்னா என்ன... சாக்கடைதான், சாண் ஆழம்! நாங்க மேட்டுல. அடுத்தாப்புல பள்ளத்துல பொன்னுத்தாயி அத்தை ரூம். நாங்க ஒரு வாளிய மொத்தமா கவுத்தா அவ வாசல்ல ஏறிரும்.

அதனால பெரிய தண்ணி விடுமுன்ன அம்மா சத்தம் குடுப்பா.

"ஏளா பொன்னுத்தாயி... தண்ணி விடுதேன்!"

"விடுங்க மதினி!"

அந்தப் பதில் வந்தாத்தான் வாளியக் கவுப்பா.

ஒரு பொங்கலன்னைக்குக் குழாய்ல தண்ணி வந்துட்டுன்னு அவசரம். வாளியக் காலி பண்ணிப் புடிக்கணும்னு அம்மா சத்தம் குடுக்காம அழுக்குத் தண்ணியக் கவுத்துட்டா. அத்தை இருட்டோட எந்திச்சுப் போட்ட கோலம்... போச்சு!

"வேணும்னே செஞ்சிட்டாவ"ன்னு அத்தை அழுதா. "நான் சத்தம் குடுத்தேன், அவளுக்குத்தான் காது அடைச்சிட்டு"ன்னு அம்மா ஒரே சாதிப்பு. தப்ப ஒத்துக்கிட்டா அவ எங்கம்மாவா! பேச்சே நின்னுபோச்சு.

ஆனா தண்ணி நிக்குமா?

அம்மா மோரியில நின்னுக்கிட்டு, "ஏ காக்கா, தண்ணி வருது... தள்ளிக்கோ"ம்பா. அங்க காக்காயே இருக்காது! அத்தை அந்தப் பக்கமிருந்து கையில உள்ள வெளக்கமாத்துக்கிட்ட, "ஏ வெளக்கமாறே, வந்தா வரட்டும்னு சொல்லு"ம்பா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும். சிரிச்சா செம்பு பறந்து வரும்.

இப்படியே மழைக்காலமும் போச்சு. அத்தை வீட்டுக்காரருக்குத் தாணேல வேலை கெடச்சு, ரூமக் காலி பண்ணினாவ. சாமானெல்லாம் லாரில ஏறிட்டு. அம்மா கதவுக்குப் பின்னால நிக்கா.

"போய்ப் பேசேம்மா..."

"ஏன், அவ வந்து சொல்லிட்டுப் போகட்டுமே."

அத்தை எங்க வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் என் கன்னத்தத் தடவிட்டு லாரில ஏறிட்டா.

மறுநாள் காலைல அம்மா துணி தொவச்சு முடிச்சு வாளியத் தூக்கினா.

"ஏளா பொன்னுத்தாயி... தண்ணி விடுதேன்!"

காக்காய இல்ல. பேரச் சொல்லி.

பதில் வரல.

அம்மா வாளியக் கீழ வச்சுட்டு, அந்த ஈரத்துலயே உக்காந்துட்டா. முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அப்படி ஒரு அழுகை...

இப்போ நான் பம்பாய்லயே பாண்டுப் பக்கம் ஒம்பதாவது மாடி. வாஷிங் மெஷின் தண்ணி பைப்புக்குள்ள எங்க போவுதுன்னே தெரியாது. கீழ் ஃப்ளாட்ல யாருன்னும் தெரியாது, லீக் ஆனாத்தான் பெல் அடிப்பாவ. அந்தக் கட்டரும் கொசுவும் திரும்ப வேணும்னு சொல்லல... சனியன், ஒழிஞ்சதே நல்லது.

ஆனா அம்மாவும் போய்ட்டா. இன்னைக்கும் பாத்ரூம்ல வாளியக் கவுக்கப் போனா, ஒரு நிமிசம் கை தானா நிக்குது...

"விடுங்க மதினி"ன்னு எங்கருந்தாவது ஒரு குரல் வராதான்னு.